நல்ல இரும்பு தொடங்கும் இடம்

"மேஸ்திரி, நல்ல இரும்பு எங்கே ஆரம்பிக்குது?" என்று கேட்டார் தொம்மை.

ஜெனோவா ஒரு சுத்தியலை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"இதை வச்சு என்ன செய்ய?"

"கேளுங்க."

"யார்கிட்ட?"

"வண்டிகிட்ட."

வண்டி, ஜாக்கிகள் மேல் மார்பளவு உயரத்தில் நின்றது. நீல நிறப் பிக்கப். சக்கரங்களைக் கழற்றியாகிவிட்டது. மேல்பலகையையும் கழற்றியாகிவிட்டது. மிஞ்சியது அதன் முதுகெலும்பான சேஸ் மட்டும்.

தொம்மை குனிந்து உள்ளே போனார். முன்பக்கத்தில் தட்டினார்.

ணங்.

மாதா கோயில் மணிக்குத் தூரத்துச் சொந்தம்போல ஒரு சத்தம்.

நடுவில் தட்டினார். ணங்.

பின்பக்கம் போனார். தட்டினார்.

பொத்.

இன்னொரு தரம் கொஞ்சம் ஓங்கித் தட்டினார். சுத்தியல் சேஸுக்குள் போய்விட்டது.

"மேஸ்திரி! உள்ள போயிருச்சு! இங்க பாருங்க, விரலே போகுது! ரெண்டு விரல்!"

"சந்தோஷப்படுதீங்களே அண்ணாச்சி."

"பின்ன? எங்க செத்துக் கிடக்குன்னு தெரிஞ்சுட்டுல்லா!"

துரு அவர் முகமெல்லாம் கொட்டியிருந்தது. அவர் துடைக்கவில்லை. அடுத்த இடத்தைத் தட்டப் போய்விட்டார்.

அது மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் துறைமுகத்தில் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கிடந்தன. கடல் தன்பாட்டுக்கு இருந்தது. மீன் வண்டி ஓட்டும் தொம்மைக்கு ஓட்டுவதற்கு எதுவுமில்லை.

ஓட்டுவதற்கு வண்டியும் இல்லை.

தடைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன், ரயில்வே கேட்டை ஒட்டிய வேகத்தடையில் ஏறி இறங்கும்போது, வண்டியின் பின்பாதி அப்படியே உட்கார்ந்துவிட்டது. பின்னால் கூடைகளோடு உட்கார்ந்திருந்த மீன்காரப் பெண்கள் சாலையில் சரிந்தார்கள். மீனும் ஐஸும் அவர்கள்மேல் சரிந்தன.

யாரும் சாகவில்லை. சலேத்துக்கு மணிக்கட்டு உடைந்தது. சலேத், தொம்மையின் அண்ணன் மனைவி.

வியாகுலம் என்ற பெண்ணுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அன்றிலிருந்து அவள் எந்த வண்டியிலும் ஏறவில்லை. கோயில் திருவிழாவுக்குக்கூட நடந்தே போய் நடந்தே வந்தாள்.

மீன்கூடையைப் பஸ்ஸில் ஏற்ற விடமாட்டார்கள். ஆட்டோக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விடுவார்கள். உள்ளூரிலிருந்து பெரிய சந்தைக்கு அந்தப் பெண்களைக் கூடையோடு கொண்டுபோக இருந்தது தொம்மையின் வண்டி ஒன்றுதான். படகுகள் திரும்பக் கடலுக்குப் போகும் நாளில் அது ஓடவில்லையென்றால், மீன் இருக்கும், சந்தை இருக்கும், இவர்கள் நடுவில் நிற்பார்கள்.

வண்டியைப் பழைய இரும்புக்குப் போடச் சொன்னார்கள். தொம்மை ஜெனோவாவின் பட்டறைக்கு வந்தார். அவள் அவருடைய மகள் வயதுக்காரி. கடற்கரைச் சாலையில் அவளைவிட நன்றாக வெல்டிங் செய்கிறவர் யாருமில்லை என்று எல்லோரும் சொன்னார்கள்.

"நான் செஞ்சு தாறேன். நீங்க வீட்டுக்குப் போங்க அண்ணாச்சி," என்றாள் அவள்.

"வேண்டாம். ஏற்கனவே ரெண்டு பட்டறையில செஞ்சு கொடுத்தாங்க. துரு மேலேயே தகடு வச்சு, பட்டி பூசி, கறுப்பு அடிச்சுக் கொடுத்தாங்க. பார்க்கப் புதுசு மாதிரி இருந்துச்சு. அதை நம்பித்தான் பொம்பளைகளை ரோட்டுல கொட்டினேன். இந்தத் தடவை என் கையால செய்யணும். நீங்க சொல்லிக் கொடுங்க."

"எனக்குச் சொல்லிக் கொடுக்கத் தெரியாது."

"செய்யுறதைப் பார்த்துக்கிடுதேன்."

"அதுக்கு நேரமாகும்."

"படகு எல்லாம் கட்டித்தானே கிடக்கு. நானும் கிடக்கேன்."

அவள் சிரித்தாள். அன்றிலிருந்து அவர் அவளை மேஸ்திரி என்று கூப்பிட்டார்.

தொம்மை தினமும் விடிந்ததும் வந்துவிடுவார். ஜெனோவா வருவதற்கு முன்பே பட்டறைக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, திறக்காத கதவின் இடுக்கு வழியே வண்டியைப் பார்ப்பார்.

வருஷக்கணக்காக ஐஸ் உருகி, உப்போடும் மீன் ரத்தத்தோடும் கலந்து, பலகை இடுக்கு வழியே சேஸ்மேல் சொட்டியிருந்தது. ஒரு சொட்டு, பிறகு ஒரு சொட்டு. அவசரமேயில்லாத ஒரு வேலை.

அவர் கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்த்தார். கிரைண்டரால் அறுத்தார். செத்த இரும்பை எடுத்துவிட்டுப் புது இரும்பை வெட்டிப் பொருத்தினார். வெல்டிங் பிடித்தார். முதலில் கம்பி ஒட்டிக்கொண்டது. பிறகு ஓட்டை விழுந்தது. பிறகு கோணல்மாணலாக ஓடியது. பிறகு ஒருநாள் நேராக ஓடியது.

"மேஸ்திரி! ஓடுது! சத்தத்தைக் கேளுங்க, மீன் பொரியுற சத்தம்!"

"அதுதான் சத்தம்."

"துருமேல பட்டா வேற மாதிரி துப்புது, பார்த்தீங்களா? வெடிச்சு வெடிச்சு!"

"ம்."

"அப்ப இது சரியா?"

"டீ ஆறுது அண்ணாச்சி," என்றாள் ஜெனோவா.

மறுநாள் அடுத்த ஒட்டு. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்.

"இது சரியா?"

"கச்சான் காத்து வீச ஆரம்பிச்சுட்டு."

அதற்கும் மறுநாள்.

"சரியா மேஸ்திரி?"

"பின்னால பூனை குட்டி போட்டிருக்கு. பார்த்து நடங்க."

சலேத் கட்டுப்போட்ட கையோடு பட்டறைக்கு வந்தபோது தொம்மை அவளிடம் புலம்பினார்.

"வாயைத் திறந்து ஒரு வார்த்தை சரின்னு சொன்னா என்ன மதினி? கேட்டுக் கேட்டு நாக்கு வறண்டு போச்சு."

"உங்க அண்ணன், கல்யாணமானதுல இருந்து என் குழம்பை ஒரு நாள் நல்லாயிருக்குன்னு சொன்னதில்ல கொழுந்தனாரே."

"அப்புறம்?"

"சட்டியை வழிச்சுல்லா திங்காரு."

ஜெனோவா வண்டிக்கு அடியிலிருந்து சிரிக்கும் சத்தம் கேட்டது.

வலதுபக்கம் முழுதும் முடிந்தது. தொம்மை நாலு பக்கமும் தகடு வைத்து, ஈ நுழைய இடமில்லாமல் அடைத்து, தேய்த்து, வழவழப்பாக்கியிருந்தார். கையால் தடவிப் பார்த்தார். கன்னத்தை வைத்துப் பார்க்காததுதான் பாக்கி.

"மேஸ்திரி, வந்து பாருங்க! எங்க ஒட்டுனதுன்னு உங்களாலேயே கண்டுபிடிக்க முடியாது!"

ஜெனோவா வந்தாள். பார்த்தாள். டிரில்லிங் மிஷினை எடுத்தாள். அந்த வழவழப்பான தகட்டின் அடிப்பக்கத்தில் ஒரு துளை போட்டாள்.

"ஐயோ! ஏன் மேஸ்திரி?"

அவள் ஒரு சாண் தள்ளி இன்னொரு துளை போட்டாள்.

"கெடுத்துட்டீங்களே! ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகாம அடைச்சிருந்தேனே!"

"போகும்," என்றாள் ஜெனோவா. "போனது எப்படி வெளிய வரும்?"

அவள் மிஷினை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

தொம்மை அந்தத் துளையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மனைவி இறந்து வருஷம் திரும்பியிருந்தது. அடக்கத்தன்று எல்லோரும் அழுதபோது அவர் வண்டி கழுவிக்கொண்டிருந்தார் என்று ஊரில் சொல்வார்கள்.

இன்னும் இரண்டு துளைகளை அவரே போட்டார்.

இடதுபக்கம் வேகமாக நடந்தது. கை பழகிவிட்டது. கடைசியில் பின் ஸ்பிரிங் பட்டையைச் சேஸோடு பிடித்து நிற்கும் தாங்கியிடம் வந்து சேர்ந்தார்.

தாங்கிக்கு முன்னால் தட்டினார்.

ணங்கும் இல்லை. பொத்தும் இல்லை.

இன்னும் கொஞ்சம் தள்ளி அறுக்க வேண்டுமானால் தாங்கியைக் கழற்ற வேண்டும். அது துருப்பிடித்த ரிவிட்டுகளில் கல்லாக இறுகிப்போயிருந்தது. படகு கிளம்பும் நாள் நெருங்கிவிட்டது. ஊரே வலையும் கயிறுமாக ஓடிக்கொண்டிருந்தது. துறைமுகத்தில் படகுகளுக்குப் புதுப் பெயின்ட் வாசனை. ஐஸ் கம்பெனி ராப்பகலாக இரைந்தது.

தொம்மை அந்த இடத்தோடு அறுப்பை நிறுத்தினார். தகடு வைத்து வெல்டிங் பிடித்தார். முதலில் ரெண்டு தரம் வெடித்துத் துப்பியது. அப்புறம் ஓடியது. ஒட்டின தழும்பு சங்கிலிபோல வரிசையாக விழுந்தது. அவர் போட்டதிலேயே அழகான தழும்பு அதுதான்.

"மேஸ்திரி, இந்த இடம் சரியா?"

"நாளைக்கு விடிய படகு போகுது," என்றாள் ஜெனோவா. அவள் வேறொரு வண்டியின் அடியில் இருந்தாள்.

அவர் துருப்பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்சைடு பெயின்ட் அடித்தார். காய்ந்ததும் கறுப்பு அடித்தார்.

"அந்த இடது பின்பக்கம் சரியாத்தானே இருக்கும் மேஸ்திரி?"

"இந்த வருஷம் சாளை மீன் நிறைய வருமாம்."

அவர் அந்த இடத்தில் மட்டும் இன்னொரு தரம் கறுப்பு அடித்தார்.

விடியலில் படகுகள் போயின. ஊரே கரையில் நின்று வழியனுப்பியது. இரைச்சலும் புகையும் ஜெபமும் ஒன்றாக எழுந்து அடங்கின. தொம்மை அன்று முழுவதும் மேல்பலகையை ஏற்றி முடுக்கினார். சக்கரங்களை மாட்டினார். வண்டி தரையில் இறங்கியது. நின்றது. அவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

மறுநாள் மதியம் முதல் படகு தெரிகிறது என்று தெருவில் ஒரே கூச்சல். பெண்கள் காலிக்கூடைகளோடு பட்டறைக்கு ஓடிவந்தார்கள். சலேத் முன்னால் வந்தாள். கையில் கட்டு இல்லை. எல்லோருக்கும் பின்னால், வாசலுக்கு வெளியே, வியாகுலம் நின்றாள்.

"கொழுந்தனாரே! வண்டி நிக்குதே!"

"நிக்காம?"

"பார்க்கப் புதுமாப்பிள்ளை கணக்கா இருக்கு. ஏறலாமா?"

பெண்கள் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

தொம்மை ஜெனோவாவைப் பார்த்தார்.

"மேஸ்திரி, கேக்காங்கல்லா. ஏறலாமா?"

ஜெனோவா கையைத் துணியில் துடைத்தாள். துணியை மடித்து வைத்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து, வண்டியின் பின்பக்கமாக அடியில் நுழைந்து, மல்லாந்து படுத்துக்கொண்டாள். அவள் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"என்ன பிள்ளை செய்யுத?" என்றாள் சலேத்.

"அக்காமாரே, எல்லாரும் ஏறுங்க," என்று அடியிலிருந்து குரல் வந்தது.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சலேத் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். மற்றவர்களும் ஏறினார்கள். வியாகுலம் மட்டும் ஏறவில்லை.

வண்டி கொஞ்சம் தாழ்ந்தது.

துறைமுகத்தில் முதல் படகின் ஊதல் கேட்டது. பெண்கள் குலவையிட்டார்கள். யாரோ வெடி போட்டார்கள்.

"குதிங்க," என்றாள் ஜெனோவா.

"என்னது?"

"மேல நின்னு குதிங்க. எல்லாரும்."

அவர்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு குதித்தார்கள். பலகை அதிர்ந்தது. கூடைகள் உருண்டன. வண்டி ஏறி இறங்கியது. ஜெனோவாவின் முகத்துக்கும் சேஸுக்கும் நடுவில் இரண்டு கையகலம்தான் இருந்திருக்கும்.

தொம்மைக்கு ஊதல் கேட்கவில்லை. சிரிப்புக் கேட்கவில்லை. வேறு எதையோ கேட்டுக்கொண்டு நின்றார்.

"அண்ணாச்சி," என்றாள் அடியிலிருந்து ஜெனோவா. "நான் இங்கேயே இருக்கவா? வெளிய வரவா?"

பெண்கள் குதித்தார்கள்.

"வெளிய வா பிள்ளே!" என்று கத்தினார் தொம்மை. "வா வெளிய! மதினி, நிறுத்துங்க! இறங்குங்க, எல்லாரும் இறங்குங்க!"

அவர் ஜெனோவாவின் காலைப் பிடித்து இழுத்தேவிட்டார். அவள் தூசியும் துருவுமாக வெளியே வந்து உட்கார்ந்தாள்.

பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

"எந்த இடம்?" என்று கேட்டாள் ஜெனோவா.

"இடது பின் தாங்கி. அதுக்கு அந்தப் பக்கம் நல்ல இரும்பு இல்ல."

"எப்ப இருந்து தெரியும்?"

தொம்மை கறுப்பு ஒட்டியிருந்த தன் விரல்களைப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"உங்களுக்குத் தெரியுமா மேஸ்திரி?"

"எனக்கு எப்படித் தெரியும்? பெயின்ட் அடிச்சிருந்தீங்களே."

தொம்மை ஒரு கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப மீனுக்கு என்ன செய்ய?" என்று ஒரு பெண் அழுகிற குரலில் கேட்டாள். "படகு வந்துட்டே! வியாபாரி லாரியெல்லாம் நிக்குமே!"

சலேத் கூடையை இடுப்பில் வைத்தாள். தொம்மையை மேலும் கீழும் பார்த்தாள்.

"எப்ப முடியும்?"

"பொழுது சாயுறதுக்குள்ள."

"நாங்க போய் மீன் எடுத்துட்டு வாறோம். வாறப்ப வண்டி நிக்கணும். இல்லன்னா நீரு நிக்க மாட்டீரு கொழுந்தனாரே."

"வண்டியே இல்லாம மீனை எடுக்கவா மதினி?" என்றாள் அந்தப் பெண்.

"வாங்கடி," என்றாள் சலேத். அவர்கள் போனார்கள்.

தொம்மை அதற்குள் அடியில் இருந்தார்.

"ஜாக்கி," என்றார். ஜெனோவா ஜாக்கியைத் தள்ளினாள்.

"கிரைண்டர்."

கொடுத்தாள்.

அந்த அழகான தழும்பை அவர் அறுத்தார். தீப்பொறி பட்டறை வாசல் வரை பறந்தது. ரிவிட்டுகளின் தலைகளைச் சீவினார். உளியை வைத்து ஓங்கி அடித்தார். தாங்கி அசையவில்லை. கெட்ட வார்த்தையும் மாதாவின் பெயரும் ஒரே மூச்சில் வந்தன. அது அசைந்தது. கழன்றது.

அதன் பின்னால் இரும்பு, கருவாட்டுச் செதில்போல அடுக்கடுக்காக உதிர்ந்தது.

"பார்த்தியா! பார்த்தியா பிள்ளே! எப்படி ஒளிஞ்சு கிடந்திருக்கு!"

அவர் குரலில் பழைய உற்சாகம் திரும்பியிருந்தது. இல்லை, இது வேறு. வீட்டுக்குள் புகுந்த பாம்பைக் கண்டுபிடித்தவரின் குரல்.

அறுத்தார். தட்டினார். பொத். இன்னும் அறுத்தார். தட்டினார். இன்னும் கொஞ்சம்.

ணங்.

அவர் இரண்டாம் தரம் தட்டவில்லை.

துறைமுகத்தில் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊதின. ஏலக்காரர்களின் குரல் காற்றில் வந்தது. ஜெனோவா தகட்டைப் பிடித்துக்கொண்டாள். தொம்மை வெல்டிங் பிடித்தார். மீன் பொரிகிற சத்தம் முதலிலிருந்து கடைசிவரை ஒரே சீராகக் கேட்டது. தழும்பு முன்புபோல அழகாக வரவில்லை. அங்கங்கே மேடாக இருந்தது. அவர் அதைத் தேய்க்கவில்லை. தாங்கியைத் திரும்ப வைத்து, ரிவிட் இருந்த இடத்தில் போல்ட்டுகளைப் பூட்டி முடுக்கினார். அடியில் துளை போட்டார். ஜாக்கியை இறக்கினார்.

பெயின்ட் டப்பா பக்கத்திலேயே இருந்தது. திறக்கவில்லை.

வெளியே வந்து எழுந்து நின்றபோது, ஜெனோவா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தாள்போல.

"தண்ணி இருக்கா?" என்றார் தொம்மை.

அவள் செம்பை எடுத்துக் கொடுத்தாள்.

வெயில் மஞ்சளாகிற நேரத்தில் பெண்கள் வந்தார்கள். தலையில், இடுப்பில், இருவர் இருவராகத் தூக்கிக்கொண்டு. சாளை, நகரை, கணவாய். கூடைகளிலிருந்து ஐஸ் தண்ணீர் அவர்கள் தோள்களில் வழிந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். யார் எதை எவ்வளவுக்கு எடுத்தார்கள், எந்த வியாபாரி யாரிடம் தோற்றான் என்று ஒரே ஆரவாரம்.

தொம்மை பின்கதவைத் திறந்து போட்டார்.

"ஏத்துங்க. சந்தைக்கு நேரமாகுது."

கூடைகள் ஏறின. ஐஸ் ஏறியது. பெண்கள் ஏறினார்கள். தொம்மை யாரையும் திரும்பிப் பார்க்காமல் போய் வண்டியைக் கிளப்பினார்.

வியாகுலம் கீழே நின்றாள். கூடை நிறையச் சாளை இடுப்பில் இருந்தது. அவள் சக்கரத்தைப் பார்த்தாள். சாலையைப் பார்த்தாள். சந்தை எவ்வளவு தூரம் என்று அவளுக்குத் தெரியும்.

"அக்கா," என்றாள் சலேத்தைப் பார்த்து. "ஏறலாமா?"

சலேத் பலகையைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"நானும் எத்தனையோ வண்டியில போயிட்டேன் பிள்ளே. ஏறு ஏறுன்னுதான் எல்லாவனும் சொல்லியிருக்கான். இறங்குன்னு சொன்னது எங்க கொழுந்தனார் ஒருத்தர்தான்."

வியாகுலம் கூடையை மேலே நீட்டினாள்.